பிரம்பைப் படைக்கலாமா?

கேள்வி: மகள் ஒரு கலைக் கண்காட்சிக்கு அழைத்துப் போனாள். ஆரஞ்சுப் பழம், ஊதுபத்தி, கிண்ணத்தில் சோறு என்று சீனர்கள் வைப்பது போலவே ஒரு படையல் மேசை. நடுவில் காகிதத்தில் செய்த பள்ளிச் சீருடையும் காகிதப் பிரம்பும். சிறுவயதில் அடிபட்டு வளர்ந்த கலைஞர் இறந்த தகப்பனுக்குப் படைத்தது என்று எழுதியிருந்தது. இறந்தவர்களுக்காகக் காகித வீடு, கார் எரிப்பதைப் பார்த்திருக்கிறேன். பிரம்பை அனுப்புவது பழிவாங்கல் இல்லையா? மனம் ஒப்பவில்லை.
— வாசகி, ஈசூன்

பதில்: எங்கள் பழைய புளோக்கில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, ஆவிகளுக்குப் படைக்கும் ஏழாம் மாதம் பிறந்தால் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து காகிதக் காசு மடிப்பார். நடுவில் பளபளவென்று தகடு ஒட்டிய சதுரத் தாள். தங்க நிறம் சாமிக்கு, வெள்ளி நிறம் முன்னோருக்கும் ஆவிகளுக்கும். நான் இரண்டையும் கலந்துவிட்டால் கையைத் தட்டிவிடுவார். கீழே இரும்புத் தொட்டியில் போடும்போது செத்துப்போன கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி. தீயில் போட்டது உரியவரிடம் போய்ச் சேரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

அதே வருடங்களில் எங்கள் வீட்டு அலமாரி மேல் ஒரு பிரம்பு இருந்தது. மாமாக் கடை என்கிற பெட்டிக்கடையில் கட்டாகத் தொங்குமே, பிளாஸ்டிக் கொக்கி வைத்தது, அதுதான். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பிரம்படி ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். வீட்டில் அந்தப் பேதம் இல்லை. கணக்கில் மார்க் குறைந்தால் முழங்காலுக்குப் பின்னால் விழும். அரை மணி கழித்து அப்பாவே வந்து தழும்பில் தேங்காய் எண்ணெய் தடவுவார். ஏழாம் மாதப் புகையும் அந்த எண்ணெய் வாசனையும் எனக்குள் ஒன்றாகவே கிடக்கின்றன. அதனால் உங்கள் கலைஞரைப் பழிவாங்குகிறவராக என்னால் நினைக்க முடியவில்லை. அப்பாவின் பொருளை அப்பாவிடமே திருப்பிக் கொடுக்கிறார்.

திருப்பிக் கொடுத்த பிள்ளை ஒருவன் அந்த மரபிலேயே இருக்கிறான். நெஜா, சீனர்களின் குழந்தைத் தெய்வம். கடல் நாகராஜனின் மகனைக் கொன்றுவிட்டான். பழி பெற்றோர் தலையில் விழப் போகிறது. தன் சதையை அறுத்துத் தாய்க்கும் எலும்பைத் தகப்பனுக்கும் திருப்பிக் கொடுத்து உயிரை விட்டான். தாய் அவனுக்குக் கோயில் கட்டினாள். தகப்பன் லீ ஜிங் வந்து சிலையை அடித்து நொறுக்கினான். பிறகு குருதான் தாமரையில் புது உடம்பு செய்து கொடுத்தார். இன்றும் நெஜா சந்நிதியில் மிட்டாய், பொம்மை, குழந்தை வாயில் வைக்கும் சூப்பான் எல்லாம் படைத்திருப்பதைப் பார்க்கலாம். சாமியாடி கூட ஆவேசம் வந்ததும் சூப்பானை வாயில் வைத்துக்கொள்வார். தகப்பன் உடைத்த பிள்ளைக்கு ஊரே மிட்டாய் வைக்கிறது. இந்தப் பெயர் நம் குபேரன் மகன் நளகூபரனிடமிருந்து போனது என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அந்த நளகூபரன் மருதமரமாக நின்றதும், அம்மா உரலில் கட்டிப்போட்ட ஒரு குழந்தை இழுத்த இழுப்பில் மரம் சாய்ந்து சாபம் தீர்ந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதைதானே!

இன்னொன்று, மாற்றுடல். மனிதனுக்கு வரும் கேட்டைக் காகிதப் பொம்மை வாங்கிக்கொள்ளும்; பிறகு அதை எரித்துவிடுவார்கள். அடியும் அந்தச் சடங்குகளுக்குப் புதிதில்லை. ஹாங்காங்கில் காஸ்வே பே மேம்பாலத்தின் அடியில், மார்ச் 5 அல்லது 6 வாக்கில், பாட்டிகள் கேடு செய்பவராகப் பாவித்த காகித உருவைச் செருப்பால் அடித்து நைத்துத் தீயில் போடுகிறார்கள். நம் சிங்கப்பூரில் 1994 புத்தாண்டை ஒட்டி ஜோசப் இங் நடத்திய நிகழ்த்துகலையில் அடி வாங்கியது தோஃபு, சோயாவில் செய்யும் மெத்தென்ற கட்டி. ஓரினச்சேர்க்கையாளர்களைக் குறிவைத்துக் காவல்துறை வலைவிரித்துப் பிடித்த 12 ஆண்களுக்காக அவர் தோஃபுக் கட்டிகளைப் பிரம்பால் அடித்தார், சிவப்புச் சாயம் தெறித்தது. அது சிறுவயதைப் பற்றியது இல்லைதான். ஆனால் தோஃபு சிதறுவதைப் பார்க்கும்போது பிரம்பு உடம்பை என்ன செய்யும் என்பது வயிற்றில் உறைக்கிறது.

கண்காட்சிக்காரர்களிடம் ஒன்று விசாரியுங்கள்: முடிந்ததும் அந்தப் பிரம்பை எரிப்பார்களா? கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்றுவிட்டால் தகப்பனுக்கு எதுவும் போய்ச் சேராது. அப்போது உங்கள் மனம் ஒப்பாதது சரிதான் என்பேன்.

கேள்வி: கோயில் சடங்கைக் கலைக்கூடத்துக்குக் கொண்டுவந்து காட்சிப்பொருள் ஆக்கலாமா?
— வாசகர், பிடோக்

பதில்: யார் கை என்று பார்ப்பேன். தைவானின் ஜாங் ஷு ஜான் தலைமுறை தலைமுறையாகக் காகிதப் படையல் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. 1988இல் பிறந்தவர். மூங்கில் கீற்றும் காகிதமும் பசையும் பார்த்து வளர்ந்தவர், காகித எலிகள் இறுதி ஊர்வலம் போவதாக அசைவூட்டப் படம் எடுத்தபோது எனக்கு அதில் பக்திதான் தெரிந்தது.

கேள்வி: அப்பா இறந்து வீட்டைக் காலி செய்கிறோம். அவர் எங்களை அடித்த பிரம்பு கிடைத்தது. எறிய மனமில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.
— வாசகி, தோ பாயோ

பதில்: எங்கள் வீட்டுப் பிரம்பை, அப்பா போன பிறகு, அம்மா தாழ்வாரத்து மல்லிகைத் தொட்டியில் கொடி படர ஊன்றிவிட்டார். அவருக்கு அது ஒரு குச்சி. அதைத் தாண்டிப் போய்த் துணி காயப்போட என்னால் முடியவில்லை, நாலாம் நாள் பிடுங்கிவிட்டேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. கொடிக்கு வேறு குச்சி தேடிக்கொண்டு வந்தார். நீங்கள் அவசரப்பட வேண்டாம். "எங்களை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கூடப்பிறந்தவர்களையும் வரச் சொல்லி, எல்லாரும் இருக்கும்போது எடுத்து வெளியே வையுங்கள். யாருக்கு என்ன தோன்றுகிறது என்று முதலில் கேளுங்கள்.