கேள்வி – பதில்: சீனர் பேச்சில் புறா

கேள்வி: சீன மொழியில் புறாவுக்கு என்ன சொல்? தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் சரியாக வருமா?

பதில்: ‘கோட்ஸு’ என்று எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் எழுதியபடியே வாசித்தால் தப்பு. உதட்டைக் குவிக்காமல் ‘கோ’ சொல்ல வேண்டும். ‘பாட்டு’ என்று முடிக்கும்போது நம் உதடு குவிவதில்லை அல்லவா, அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும். முதல் ஒலி நம் ‘கல்’லில் வரும் அதே ககரம். சுருதி உயரத்தில் நேராக நிற்கட்டும். மேலிருந்து சரித்தால், சீனத்தில் ‘மூன்று பேர்’ என்று எண்ணும்போது எண்ணுக்குப் பின் வரும் வேறொரு ‘கோ’ ஆகிவிடும். ‘ட்ஸு’ வெறும் ஒட்டு. கூட்டுச்சொல்லில் அது உதிர்ந்துவிடும்: தூதுப்புறா ‘ஷின்-கோ’.

‘கோ’வுக்கான சீன எழுத்தின் வலப்பாதி ‘பறவை’, இடப்பாதி ‘சேர்தல்’. இதை வைத்து இணைபிரியா ஜோடி என்று கதை கட்டவேண்டாம். இடப்பாதி ஒலியைக் காட்ட வந்தது, அவ்வளவுதான்.

கேள்வி: “நேற்று எனக்குப் புறா விட்டுவிட்டாய்” என்று சீனத் தோழி செய்தி அனுப்பியிருக்கிறாள். கோபமா?

பதில்: கோபம்தான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு டிமிக்கி கொடுத்தீர்கள் என்கிறாள். சீனத்தில் ‘ஃபாங் வோ கோட்ஸு’: ‘ஃபாங்’ விடுவது, ‘வோ’ நான். ஏமாந்த ஆள் நடுவில் வரவேண்டும். ஆளில்லாமல் சொன்னால் நிஜமாகவே புறா பறக்கவிட்டதாகவும் கொள்ளலாம். முன்கூட்டியே சொல்லி ரத்து செய்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இணையத்தில் ‘கோ’ தனியாகவே வினைச்சொல்லாகிவிட்டது. அடுத்த பகுதியை இழுத்தடிக்கும் எழுத்தாளரின் பக்கத்தில் வாசகர்கள் ‘கூ கூ கூ’ என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

கேள்வி: 70 வயது நிறையும் சீனப் பேராசிரியருக்குப் புறாப் படம் போட்ட வாழ்த்து அட்டை பொருந்துமா?

பதில்: அனுப்பலாம். ஆனால் வெள்ளைப் புறா என்றால் அவருக்கு முதலில் ‘ஹோ-பிங்-கோ’, அமைதிப்புறாதான் தோன்றும். 1949 பாரிஸ் அமைதி மாநாட்டுச் சுவரொட்டியில் இடம்பெற்ற பிக்காசோவின் புறா உலகெங்கும் பரப்பிய பொருள் அது. முதுமைக்கான மரியாதை ‘ஜியூ’ என்ற வேறு சொல்லில் இருக்கிறது, காட்டுப்புறா வகை. பழைய சீனாவின் ஹான் அரசமரபு ஆட்சியில் 70 வயதானவர்களுக்கு அரசு கொடுத்த கைத்தடியின் உச்சியில் ஜியூ உருவம் இருந்தது. தடியின் நீளம் அக்காலத்து 9 சீன அடி, ஏறக்குறைய 2 மீட்டர். அந்தப் பறவைக்குத் தொண்டை அடைக்காதாம். பெரியவருக்கும் சாப்பாடு விக்காமல் இறங்கட்டும் என்ற வேண்டுதல். அட்டையில் அந்தத் தடியையும் வரைந்தால் உடனே புரிந்துகொள்வார்.

அவர் தென்சீன மொழியான கான்டனீஸ் பேசுபவரானால் ‘வெள்ளைப்புறாக் கண்’ என்று விளையாட்டுக்கும் எழுதாதீர்கள். பணக்காரரிடம் குழைந்து ஏழையை ஏளனமாகப் பார்ப்பவருக்கு அங்கே அதுதான் பெயர்.