மாத்திரை இல்லாமல் இயற்கை வழியில் பிபியைக் குறைக்க முடியுமா?

கேட்டவருக்கு வயது 42, மும்பையில் வேலை, அலுவலகப் பரிசோதனையில் 148/94 வந்திருக்கிறது. மாத்திரையைத் தொட்டால் ஆயுசுக்கும் விடாது என்கிறார்களே, பூண்டும் செம்பருத்தியும் போதாதா என்று கேட்கிறார்.

குறைக்கலாம். சிலருக்கு மாத்திரையே தேவைப்படாமலும் போகலாம். ஆனால் அந்த வேலையைச் செய்வது பூண்டும் செம்பருத்தியும் இல்லை. உப்பு, எடை, நடை இந்த மூன்றும்தான்.

நான் தாராவிக்காரன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் குடும்பத்தில் பிபி இல்லாத பெரியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரியப்பாவிடம் மாத்திரை என்று வாயெடுத்தாலே, "எனக்கு என்னடே செய்யுது? தல சுத்துதா, நெஞ்சு வலிக்கா?" என்பார். ஒன்றும் செய்யாதுதான். வலி, மயக்கம் எதுவும் காட்டாமல் சிறுநீரகத்தையும் கண்ணையும் மூளையின் ரத்தக்குழாயையும் கெடுப்பதுதானே இதன் குணம்.

உப்புக்கு வருவோம். பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பாட்டில் இதை யாரால் அளக்க முடியும்? மளிகைச் சீட்டைப் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம்தான் கணக்கு. எங்கள் வீட்டிலோ ஒரு கிலோ பாக்கெட் மாதம் முடிவதற்குள் தீர்ந்து, அண்ணாச்சி கடைக்கு மறுபடி ஆள் போகும். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் தின்னும்போது கூடவே வைப்பார்களே, உப்பில் புரட்டிய பொரித்த மிளகாய், அதுவும் இல்லை.

அம்மா இதற்காகப் பத்தியச் சமையல் எதுவும் செய்யவில்லை. கருவாட்டை வெந்நீரில் இரண்டு தடவை அலசி, குழம்புக்குத் தனி உப்பு போடுவதை விட்டார். அன்றைக்கு அப்பளம் கிடையாது. மோரில் உப்புக்குப் பதில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டார். முதலில் எல்லாம் சப்பென்றுதான் இருந்தது. அப்புறம் நாக்கு பழகிவிட்டது, இப்போது ஓட்டல் சாம்பார்தான் கரிக்கிறது. இந்துப்புக்கு மாறினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், விலைதான் கூட. பொட்டாசியம் கலந்த உப்பு உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைய பிபியின் மேல் எண் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும். நடை தினம் அரைமணி நேரம். லோக்கல் ரயிலில் நசுங்கிக்கொண்டு நிற்பது அதில் சேராது.

பூண்டு கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் பூண்டு மாத்திரைகளில் கவனமாக இருக்க வேண்டும். செம்பருத்தி டீ என்று ஆய்வுகளில் வருவது பெரும்பாலும் சிவப்புப் புளிச்சையின் புல்லிவட்டத்தில், அதாவது பூவின் அடியில் இருக்கும் சிவப்பு உறையில், போட்ட டீ. வாசலில் பூக்கும் செம்பருத்தி அதற்கு உறவு, அவ்வளவே. முருங்கைக்கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. அதிமதுரத்தில்தான் எனக்குப் பயம். தொண்டைக்கு நல்லது என்று தினமும் சப்புகிறவர்களுக்கு அது பிபியை ஏற்றியே விடும்.

மூலிகை என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. சர்ப்பகந்தா வேர் பிபியைக் குறைக்கிறது என்பதை நோயாளிகளிடம் சோதித்து 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதியவர் இதே பம்பாயின் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல். 1952-இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள், உலகம் முழுக்க மாத்திரையாகப் போனது. மூக்கடைப்பு, மனச்சோர்வு என்ற பக்கவிளைவுகளும் கூடவே போயின. வேலை செய்கிற வேருக்குப் பக்கவிளைவும் உண்டு. அதனால் நாட்டு மருந்துக் கடையில் கை அளவுக்கு வாங்கிக் கஷாயம் போடுவதைவிட, அளந்து கொடுத்த மாத்திரையே மேல் என்பது என் கட்சி.

உங்கள் 148/94-க்குச் சர்க்கரை, இதயம், சிறுநீரகம் எல்லாம் சரியாக இருந்தால், சில மாதம் உப்பையும் எடையையும் குறைத்துப் பார்க்கலாம் என்று டாக்டரே சொல்லக்கூடும். 160/100-ஐத் தாண்டினால் அப்படிக் காத்திருக்க விடமாட்டார். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே நிறுத்த வேண்டாம். அட்டனலால் போன்றவற்றைச் சட்டென்று விட்டால் பிபி எகிறும், இதயத்துக்கும் ஆபத்து.

அதற்கு முன்னால் அந்த 148 உண்மையா என்று பாருங்கள். ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி, ஒரு கட்டிங் சாய் குடித்துவிட்டு நேராகக் கையை நீட்டினால் யாருக்கும் ஏறித்தான் இருக்கும். டீ குடித்து அரைமணி கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். மணிக்கட்டில் மாட்டுவதைவிட மேற்கைப் பட்டை உள்ள கருவி நல்லது. ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதி, அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.