லித்தியம் சாப்பிடுகிறவர் சஷ்டி விரதம் இருக்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 46 வயது. இருமுனைக் கோளாறுக்காக 14 வருடமாக லித்தியம் சாப்பிடுகிறார். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார், ராத்திரி நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். சுகர் இல்லை. போன வாரம் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) 1.4 வந்தது. ‘நரம்பு மாத்திரை கிட்னியைத் தின்னுரும், நிறுத்து’ என்கிறார்கள் வீட்டில். அவரோ திருச்செந்தூரில் ஆறு நாள் சஷ்டி விரதம் இருக்கப்போவதாகச் சொல்கிறார். என்ன செய்ய?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அம்மா. லித்தியத்தைச் சட்டென்று விட்டால் நோய் சில வாரங்களிலேயே திரும்பலாம். தற்கொலை ஆபத்தும் கூடும்.

அண்ணனின் வயதுக்கு 1.4 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் அளவு, அதாவது இஜிஎஃப்ஆர், சுமார் 62. குறைவுதான், ஆனால் பதறும் அளவுக்கு இல்லை. பீரோவில் கிடக்கும் பழைய லேப் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். மூன்று வருடமாக 1.3, 1.4 என்றே நிற்கிறதா, மனநல மருத்துவரிடம் காட்டிக் கவனித்து வரலாம். போன வருடம் 0.9 இருந்ததா, சிறுநீரக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, தாகம். உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஹார்மோனுக்கு, வருடக்கணக்கில் லித்தியம் பட்ட சிறுநீரகம் சரியாகக் காது கொடுப்பதில்லை. சிறுநீர் பச்சைத்தண்ணீராகப் போகிறது. போனதை ஈடுகட்டத்தான் அவர் குடிக்கிறார். இது புரியாமல், பொழுது சாய்ந்ததும் செம்பை ஒளித்துவைக்கும் வீடுகள் உண்டு. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். லித்தியம், உப்பில் இருக்கும் சோடியத்தின் பங்காளி மாதிரி. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை இறுக்கிப் பிடிக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துவைக்கும். ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறி விஷமாகிவிடலாம்.

அதனால் உப்பில்லாமல், வெறும் பாலும் பழமுமாக ஆறு நாள் விரதம் வேண்டாம். சூரசம்ஹாரம் பார்க்கத் தாராளமாகப் போகட்டும். சாப்பாடும் தண்ணீரும் வழக்கம்போல இருக்கட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

நடந்து கால் வலித்தால், மெடிக்கல் அண்ணாச்சியிடம் ‘வலிக்கு ரெண்டு மாத்திரை’ என்று கேட்கக் கூடாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபேன் இரண்டுமே லித்தியத்தை ஏற்றிவிடும். பாராசிட்டமால் போதும். பிரஷர் மாத்திரையிலும் சில வகை இப்படித்தான். யார் எழுதினாலும் லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும்.

லித்தியம் அளவை மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ராத்திரி 9 மணிக்கு மாத்திரை என்றால் காலை 9 மணிக்கு ரத்தம். அதற்குமுன் காலை மாத்திரை போடக் கூடாது. பொதுவாக 0.6 முதல் 1.0 வரை இருக்கலாம். கிரியேட்டினின், தைராய்டு, கால்சியத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு விரல் லேசாக நடுங்குவது சகஜம். அளவு மீறி ஏறியதன் அறிகுறிகள் வேறு. டம்ளரில் காப்பி தளும்பிச் சிந்துகிற மாதிரி நடுங்கினால், நாக்கு குழறினால், நடை தள்ளாடினால், வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால் மட்டும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ, பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ அப்போதே கூட்டிப் போங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.