பால்வாடிக்கு மார்க் போடுகிற வேலை

"மனையியலில் நல்ல மார்க் வாங்கிய பெண், பால்வாடி பால்வாடியாகப் போய் ஓரத்தில் உட்கார்ந்து மார்க் போடப் போகிறேன் என்கிறாள். இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது சார். ஆனால் மகள் சொல்வது நிஜமான வேலைதான்.

மழலையர் வகுப்பின் தரத்தை அளக்க, 1980-இல் அமெரிக்காவில் தெல்மா ஹார்ம்ஸும் ரிச்சர்ட் கிளிஃபோர்டும் ஈசெர்ஸ் என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். 1 என்றால் போதாது, 7 என்றால் மிக நன்று. அதைத் தழுவி நம் ஊர் மையங்களுக்கென்று சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்ததுதான் டி.என்.ஈசெர்ஸ். பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது.

சுவரில் வரைந்த மிக்கி மௌஸைப் பார்த்து மயங்கக் கூடாது. (பெற்றோர் மயங்குவது அங்கேதான்!) இரண்டு மூன்று மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பொம்மைகள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா, குழந்தையின் கைக்கு எட்டுகின்றனவா? சாப்பாட்டுக்கு முன் எல்லாக் குழந்தைகளும் கை கழுவினார்களா, நாலு பேரோடு வாளித் தண்ணீர் தீர்ந்துபோனதா? "டீச்சர், எங்க ஆடு குட்டி போட்டுச்சு" என்று ஒரு வாண்டு எழுந்து சொல்கிறது. "சரி, உட்கார்" என்கிறாரா, "அப்படியா, எத்தனை குட்டி?" என்கிறாரா? என்னைக் கேட்டால் பாதி மார்க்கை இதற்கே வைப்பேன்.

பிடித்த டீச்சருக்குக் கை தாராளமாக மார்க் போடும். அதனால் மார்க் போடுபவருக்கே சோதனையும் உண்டு. அமெரிக்காவில் பரவலாக இருக்கும் கிளாஸ் என்ற இன்னொரு முறையில், பயிற்சி வீடியோக்களுக்கு நாம் போடும் மார்க்கில் 80 சதவீதமாவது நிபுணர்கள் போட்டதோடு ஒரு புள்ளி வித்தியாசத்துக்குள் இருந்தால்தான் சான்றிதழ்.

ஒன்றை மறைக்க மாட்டேன். இங்கே இந்த வேலை பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களிலும் ஆய்வுத் திட்டங்களிலும்தான். திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். அதனால் முதலில் ஓரிரு வருஷம் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கட்டும். அப்புறம் கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தில் ஹியூமன் டெவலப்மென்ட் (மனித வளர்ச்சி பற்றிய படிப்பு) முதுகலை படிக்கலாம். டெல்லிக்கு அனுப்ப மனமிருந்தால், அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் சின்னக் குழந்தைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் என்றே எம்.ஏ. இருக்கிறது.

அதற்கு முன் ஒரு வாரம், அனுமதி கேட்டு, பக்கத்து அங்கன்வாடியில் காலையில் போய் உட்காரச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் நோட்டில் எழுதட்டும். "டீச்சர் அன்பானவர்" என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிடுங்கள். "அழுத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே மற்றவர்களுக்குக் கதை சொன்னார்" என்று எழுதியிருந்தால், அந்த நோட்டோடு என்னை வந்து பார்க்கட்டும்.