ஒரிஜினல் டிஸ்க் போட்டும் பழைய கேம் "சரியான சிடியைப் போடு" என்கிறது. டிஸ்க் போய்விட்டதா?

இல்லை. தயவுசெய்து அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது விண்டோஸ் 10 அல்லது 11, கேம் 2000-க்குப் பிறகு வந்தது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 2005-இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட். எங்கள் தெருவே காப்பி சிடியில் விளையாடிய காலத்தில் அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கிய ஒரிஜினல். அண்ணன் மகன் ஆசைப்பட்டானே என்று யூஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கிப் போட்டேன். இன்ஸ்டால் ஒழுங்காக முடிந்தது. திறந்தால் டிஸ்க் கேட்கிறது! சர்வீஸ் கடைக்காரர் டிஸ்க்கைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "கீறல் சார், தூக்கிப் போடுங்க" என்றார். கீறல் என்றால் அதிலிருந்து முழு கேமும் எப்படி இன்ஸ்டால் ஆகும்?

உண்மையான காரணம் சேஃப்டிஸ்க் என்ற காப்பித் தடுப்பு. அது வேலை செய்ய விண்டோஸுக்குள் ஒரு டிரைவர், அதாவது ஒரு சின்ன துணை மென்பொருள் வேண்டும். அதில் இருந்த ஓட்டை வழியாகக் கம்ப்யூட்டரையே கைப்பற்றலாம் என்பதால், 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட்டில் விண்டோஸ் 7, 8-இலும் முடக்கிவிட்டது. பாதுகாப்புக்காகச் செய்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தடுப்பை உடைத்த காப்பி இன்றும் ஓடுகிறது, காசு கொடுத்தவன் டிஸ்க் மட்டும் ஓடவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஐஎஸ்ஓ, அதாவது டிஸ்க்கின் நகலை ஒரே ஃபைலாக எடுத்து, அதை நிஜ டிஸ்க் போல மவுன்ட் செய்யுங்கள் என்று யாராவது சொல்வார்கள். டிஸ்க்கில் வேண்டுமென்றே பதித்த கெட்ட செக்டர்களை (படிக்க முடியாத பகுதிகளை)த்தான் சேஃப்டிஸ்க் தேடும், சாதாரண ஐஎஸ்ஓவில் அவை வராது. டிரைவரே இல்லாதபோது தடுப்பை உடைக்காத எந்த நகலும் பயன்படாது.

நான் செய்தது, பரணில் கிடந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை இறக்கி, நெட் இணைப்பே கொடுக்காமல் ஓட்டியது. இன்றுவரை நன்றாக ஓடுகிறது. விண்டோஸ் 7 இருந்தால் அந்த டிரைவர் சர்வீஸை விளையாடும்போது மட்டும் இயக்கி, பிறகு நிறுத்திவிடலாம். உங்கள் கேம் ஜிஓஜி என்ற ஆன்லைன் கேம் கடையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், அங்கே டிஸ்க் சோதனையே கிடையாது. 90-களின் கேம் என்றால் முதலில் டிரைவ் எழுத்தை (D, E போன்றது) பாருங்கள். சில கேம்கள் இன்ஸ்டால் ஆனபோது இருந்த எழுத்திலேயே தேடும், விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதை மாற்றினால் போதும்.

டிஸ்க் சோதனையையே நீக்கிவிடும் நோ-சிடி கிராக்? சொந்த டிஸ்க் வைத்திருப்பவர் அதைத் தேடுவதைத் திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன், யார் சண்டைக்கு வந்தாலும் சரி. ஆனால் அந்த ஃபைல்களோடு வைரஸும் வரலாம், கவனம்.

அப்புறம் இன்னொன்று. இப்போது சில பிசி கேம்களைப் பெட்டியோடு வாங்கினாலும் உள்ளே டிஸ்க் இருப்பதில்லை, டவுன்லோடு செய்வதற்கான குறியீட்டை அச்சடித்த ஒரு காகிதம்தான். முழு விலையும் வாங்குகிறார்களே, "உள்ளே டிஸ்க் இல்லை" என்று அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் போட்டால் என்ன?