ஃபில்டர் ஓடவில்லையா? ஸ்பாஞ்சைக் காப்பாற்றுங்கள்

கேள்வி: இரண்டடித் தொட்டியில் நான்கு கோல்டுஃபிஷ் வளர்க்கிறேன். இரவில் பவர் ஃபில்டர் நின்றுவிட்டது. காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. புது ஃபில்டர் வர இரண்டு நாளாகும். அதுவரை என்ன செய்வது? தண்ணீர் முழுவதையும் மாற்றிவிடலாமா?

பதில்: முழுவதையும் மாற்றாதீர்கள். மீன்கள் இப்போது தவிப்பது பெரும்பாலும் ஆக்சிஜனுக்காகத்தான். ஏர் பம்ப் இருந்தால் உடனே போடுங்கள். இல்லையென்றால் தொட்டித் தண்ணீரையே ஒரு சொம்பில் மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் ஊற்றி, அரை மணிக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். மூடியையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்த ஆபத்து அம்மோனியா. மீன்கள் செவுள் வழியாக அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி ஃபில்டருக்குள் இருக்கும் அந்த அழுக்கு ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. ஓடாத ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அவையும் சாகத் தொடங்கும். அதனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்பாஞ்சை வெளியே எடுங்கள். ஒரு வாளியில் தொட்டித் தண்ணீர் பிடித்து, அதில் லேசாகப் பிழிந்து, தொட்டியில் காற்றுக் குமிழி வரும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டுவையுங்கள். குழாய்த் தண்ணீரில் மட்டும் கழுவிவிடாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பளிச்சென்று கழுவிய ஸ்பாஞ்சால்தான் பல தொட்டிகள் கெட்டுப்போகின்றன.

இரண்டு நாளும் தீனி போடாதீர்கள். கோல்டுஃபிஷுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உங்கள் தொட்டியில் ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் இருக்கும். தினமும் 12 லிட்டர் எடுத்துவிட்டு, ஆன்டி குளோரின் சொட்டு கலந்த தண்ணீரை அதே சூட்டில் ஊற்றுங்கள். போர் தண்ணீர் என்றால் பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) பார்த்துக்கொள்ளுங்கள். பிஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். தண்ணீரை மொத்தமாக மாற்ற வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஃபில்டர் உண்மையிலேயே போய்விட்டதா? மோட்டாரில் உர்ரென்று சத்தம் மட்டும் வந்து தண்ணீர் தள்ளவில்லை என்றால், இம்பெல்லர் சிக்கியிருக்கலாம். அதன் மூடியைக் கழற்றினால் காந்தத்தோடு ஒரு சின்ன விசிறி வரும். அதில் முடியோ, செடி வேரோ, குட்டி நத்தையோ மாட்டியிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் போட்டாலே பெரும்பாலும் ஓடிவிடும். சத்தமே இல்லையென்றால், பிளக் பாயின்ட்டில் கரன்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் ஓடவில்லை என்றால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) எரிந்திருக்கலாம். சீல் செய்த மோட்டாரைப் பிரிக்க வேண்டாம், தண்ணீருக்குள் கிடக்கும் பொருள் அது.

புது ஃபில்டர் வந்ததும் பழைய ஸ்பாஞ்சை அதற்குள் வையுங்கள். அளவு சேரவில்லையா? வெட்டித் திணியுங்கள். ஒரு மாதமாவது அது உள்ளே இருக்கட்டும், அதற்குள் புது ஸ்பாஞ்சிலும் பாக்டீரியா பிடித்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 50 லிட்டருக்கு நான்கு கோல்டுஃபிஷ் அதிகம். கழிவு அதிகம் விடும் மீன் என்பதால் ஃபில்டர் நின்றால் தண்ணீர் சீக்கிரம் கெடும். பெரிய தொட்டிக்கு மாறும்வரை, ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றையும் கூடவே ஓடவிடுங்கள், விலை குறைவுதான். காற்று நன்றாக ஓடியும் மீன்கள் மேலேயே தவித்தாலோ, செவுள் சிவந்தாலோ, அம்மோனியா அளவு பார்க்கும் டெஸ்ட் கிட்டுக்குக் காத்திருக்காமல் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உடனே மாற்றுங்கள்.