கிராணியைக் கேளுங்கள்: போக்கர் பாஷை

கேள்வி: மகன் கைப்பேசியில் போக்கர் பார்க்கிறான். சோற்றில் கை வைத்துக்கொண்டே 'ஃபிளாப்', 'ரிவர்' என்று முணுமுணுக்கிறான். என்னய்யா இது?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: அவன் பார்ப்பது டெக்சஸ் ஹோல்டம், அம்மா. ஆளுக்கு இரண்டு சீட்டைக் கவிழ்த்துக் கொடுப்பார்கள். மேசை நடுவில் வரும் ஐந்தும் எல்லாருக்கும் பொது. முதலில் மூன்றைச் சேர்த்துத் திறப்பது ஃபிளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஏழில் நல்ல ஐந்துதான் உங்கள் கை. சீட்டு கொடுத்ததும் ஒருமுறை, அப்புறம் ஒவ்வொரு திறப்புக்குப் பின்னும் ஒருமுறை பணம் கட்டும் சுற்று வரும். யாரும் கட்டாதபோது நீங்களும் கட்டாமல் விட்டால் செக். எதிராளி கட்டிய அளவே போட்டால் கால், கூட்டினால் ரெய்ஸ், சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கினால் ஃபோல்டு. இருப்பதையெல்லாம் நடுவே தள்ளுவது ஆல்-இன். சினிமாக்காரர்களுக்குப் பிடித்தது அதுதான். நன்றாக ஆடுகிறவர்கள் அதிகம் செய்வதோ ஃபோல்டு. அதை யார் படம் எடுப்பார்!

கேள்வி: தோட்டத்தில் மூணு சீட்டு ஆடிப் பழகியவன் நான். எங்களுக்குத் தொடர் வரிசை (அடுத்தடுத்த எண்கள்) கலரை (எல்லாம் ஒரே இனம்) அடிக்கும். போக்கரில் தலைகீழ் என்கிறான் அக்காள் மகன்.
(வாசகர், கோலகங்சார்)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்த்தவனிடம் கணக்கைக் கேட்டால் விடுவேனா? மூன்று சீட்டில் 22,100 விதமான கை உண்டு. அதில் வெறும் தொடர் 720, வெறும் கலர் 1,096. அரிதானது மேலே நிற்கும். ஐந்து சீட்டானால் 2,598,960 கை. தொடர், அதாவது ஸ்ட்ரெயிட், 10,200. கலர், அதாவது ஃபிளஷ், 5,108தான். அதனால் அங்கே ஃபிளஷ் ஜெயிக்கிறது.

பிளைண்டிலும் கவனம். நமக்கு அது சீட்டைப் பார்க்காமல் ஆடுவது. போக்கரில், சீட்டு வருமுன்னே டீலருக்கு இடப்பக்கம் இருக்கும் இருவர் கட்டாயமாகப் போடும் பணம்: முதலாமவர் ஸ்மால் பிளைண்ட், அடுத்தவர் பிக் பிளைண்ட்.

கேள்வி: தோற்றால் அண்ணன் 'டில்ட் ஆயிட்டேன்' என்கிறார். வியாதியா?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: வியாதிக்குக் கொஞ்சம் கீழே. பின்பால் இயந்திரத்தை ஆத்திரத்தில் உலுக்கினால் 'டில்ட்' என்று காட்டி நின்றுவிடும். அங்கிருந்து வந்த பேர். உங்களிடம் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து தடவைக்கு நாலு தடவை நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். ரிவரில் ஒரு கிங் வந்து விழுந்து எதிராளி ஜெயித்துவிட்டால் அது பேட் பீட். அந்தக் கடுப்பில் கண்டபடி கட்டுவதுதான் டில்ட். எங்கள் லயத்தில் ஒரு மண்டோர் (மேஸ்திரி) இருந்தார். துக்க வீட்டில் விடிய விடிய சீட்டு நடக்கும். தோற்கத் தோற்க இரட்டிப்பாக்குவார். காலைப் பெரட்டுக்கு (வேலைக்குமுன் ஆள் கணக்கெடுப்பு) நிற்கும்போது பாதிச் சம்பளம் போயிருக்கும். 'மண்டோருக்குச் சூடு ஏறிடுச்சு' என்று காதில் விழுந்தால் போதும், தூங்கப் போனவனும் எழுந்து வந்து உட்காருவான்.

கேள்வி: தீபாவளிக்குக் காசு வைத்து ஆடலாமா?
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: நம் மலேசியாவில் சூதாட்ட விடுதிகளுக்கு எதிராக 1953ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, தம்பி. கெந்திங் மலைக் காசினோ உரிமம் வாங்கியது. அங்கும் முஸ்லிம்களுக்கும் 21 வயது ஆகாதவர்களுக்கும் இடமில்லை. வீட்டில் வேர்க்கடலை வைத்து ஆடுங்கள். ஆல்-இன் போட்டவர் ரிவர் வருவதற்குள் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போடுங்கள்.